கலருக்கு முந்தின பாடங்கள்

ஓவியம் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொன்னால் சிவகாசியில் முதலில் கேட்பது, "கலரு எப்ப சார் குடுப்பீக?" என்பதுதான். பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கத் தெரியாது. டம்ளரின் வாய் மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், எதிரே வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஆனால் கலர் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்ட அப்பன்மாரில் பலபேரை வந்த வழியே இறங்கிப் போகச் சொல்லியிருக்கிறேன். கிறுக்கு வாத்தியார் என்று பெயர் வந்தது. வந்தால் வரட்டும்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள். செல்போன் காசுள்ளவன் கையில் மட்டும் இருந்தது. ஓர் அச்சகத்தின் மொட்டை மாடியில், தகரக் கொட்டகையில், சனிக்கிழமை மதியம் வகுப்பு நடத்தினேன். மற்ற நாட்களில் கீழே அதே அச்சகத்துக்குப் பட்டாசு லேபிள் வரைந்தேன். வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அரசாங்க ஓவியப் பரீட்சை எழுதுகிறவர்கள். மீதிப்பேர் கம்ப்யூட்டரில் டிசைன் வேலைக்குப் போகிறவர்கள்.

என்ன வரிசையில் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. கடையில் விற்கிற ஓவியப் புத்தகங்களை வாங்கிப் பார்த்தேன். இரண்டு என்று எழுது, அதை அன்னமாக்கு. முட்டை போடு, அதைக் கோழிக்குஞ்சாக்கு. இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு. எங்கள் ஊரில் ஆறு எங்கே ஓடுகிறது? புத்தகங்களைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். நானாக ஒரு வரிசை உண்டாக்கினேன். நிழலை முன்னால் வைத்துப் பார்த்தேன். கோணல்மாணலான குடத்துக்கு அழகழகாக நிழல் போட்டார்கள். தூரத்தை முன்னால் வைத்தேன். ரயில் தண்டவாளம் வரையத் தெரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் இப்படி நின்றது: முதலில் கோடு, வெறும் கோடு. பிறகு உருவம். பிறகு ஒன்றுக்கு மற்றது எத்தனை மடங்கு என்ற அளவு. பிறகு எதற்கு எது நேரே இருக்கிறது, எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்ற இடம். அதன் பிறகு வெளிச்சம், நிழல். அதன் பிறகு தூரம். எல்லாம் முடிந்த பிறகு கலர். இந்த வரிசையை யாருக்காகவும் மாற்றுவதில்லை என்று வைத்திருந்தேன்.

வரிசை சரி, பிள்ளைகளின் கண் சரியில்லை. அதற்குக் காரணம் லேபிள். லேபிளில் இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, எதைச் சுற்றியும் தடியான கறுப்புக் கோடு வரவேண்டும். மிஷினில் சிவப்போ மஞ்சளோ நூலளவு தள்ளி விழுந்தால் அந்தக் கோடு மறைத்துவிடும். இரண்டாவது, ஒன்றை இன்னொன்று மறைக்கக் கூடாது. புஸ்வாணம் தனியாக, சக்கரம் தனியாக, மத்தாப்பு பிடித்துச் சிரிக்கிற பிள்ளை தனியாக. வாங்குகிறவனுக்குப் பெட்டிக்குள் இருப்பது அத்தனையும் அட்டையில் தெரியவேண்டும். நானும் அப்படி வரைந்துதான் சோறு தின்றேன். அது லேபிளுக்குச் சரி. ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்த்த படம் அது ஒன்றுதான். பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போடுவதே அச்சில் வீணான லேபிள் தாளில்தான். ஒரு குடத்துக்குப் பின்னால் இன்னொரு குடத்தை வைத்து வரையச் சொன்னால், இரண்டையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். "பின்னால இருக்கிறது பாதிதானலே தெரியுது?" என்று கேட்டால், "பாதி வரைஞ்சா ஒடஞ்ச குடம்னு நெனப்பாக சார்" என்பார்கள்.

அந்த வருஷம் சேர வந்த ஒரு பெண்ணும் இதே ரகம்தான். பத்தொன்பது வயது. பிளஸ் டூ முடித்திருந்தாள். வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு நாரணாபுரம் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலை. காகிதக் குழாய்களில் வெடிமருந்தை நிரப்பவேண்டும். கம்பெனியிலேயே அந்த அறைகளைத்தான் ஒன்றுக்கொன்று எட்டக் கட்டியிருப்பார்கள். சம்பளம் மற்ற வேலையைவிடக் கூட. ஏன் கூட என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை.

சேர வந்த அன்று, எதற்கு ஓவியம் என்று கேட்டேன். எல்லோரையும் கேட்பேன். "ஆசை சார்" என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவள் அப்படிச் சொல்லவில்லை.

"பரீட்சை பாஸ் பண்ணி பள்ளிக்கூடத்துல டிராயிங் டீச்சர் ஆகணும் சார். எங்கம்மாவ அந்த ரூமை விட்டு வெளிய கொண்டாரணும்."

"அதுக்கு ரொம்ப நாளாகும்."

"அதான் சார் சீக்கிரம் வந்தேன்."

அந்தப் பதிலுக்காகத்தான் சேர்த்துக்கொண்டேன்.

அவள் கோடு நன்றாகப் போட்டாள். அளவும் வந்தது. இடம் என்ற பாடத்தில் வந்து மாட்டிக்கொண்டாள். மொட்டை மாடியின் விளிம்பில் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து, தெரிகிற ஊரை வரையச் சொல்லியிருந்தேன். பக்கத்தில் வீட்டு மாடிகள். அதைத் தாண்டி ஊர்த் தண்ணித் தொட்டி, பெரிய தூண்களின்மேல். அதற்கப்பால் வேலிக்கருவை மண்டிய வெட்டவெளி, அதில் அங்கொன்று இங்கொன்றாகக் கம்பெனிகளின் வெள்ளைக் கூரைகள். கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்தால் எதற்கு நேரே எது இருக்கிறது என்று தெரியும். இவ்வளவுதான் பாடம்.

தண்ணித் தொட்டியின் தூண்களுக்கு நடுவே, தூரத்தில், அவள் அம்மாவின் கம்பெனிக் கூரை சின்னதாகத் தெரிந்தது. இவள் தாளில் அந்தக் கம்பெனி தொட்டிக்கு வலப்பக்கமாக, நல்ல வெட்டவெளியில், தனியாக, பெரிதாக நின்றது.

"கம்பெனி இங்கனயா இருக்கு?" என்று கேட்டேன்.

"ஆமா சார். அங்கனதான். நான் எத்தனையோ வாட்டி சோறு கொண்டுபோயிருக்கேன்."

"சோறு கொண்டுபோன பாதையக் கேக்கல. இங்கனருந்து பாரு. தூணுக்கு நடுவுல தெரியுதா இல்லையா?"

"தெரியுது சார். தூணுக்குள்ள போட்டா மறைஞ்சுபோகுமே."

"மறையட்டும்."

"மறைஞ்சா கம்பெனின்னு எப்படித் தெரியும்?"

பக்கத்தில் இருந்தவன் அச்சக முதலாளியின் மகன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். "அவுக கம்பெனிக்குத் தனி லேபிள் அடிக்காக சார்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அழிக்கவில்லை. அடுத்த வாரத்துக்குள் மாற்றிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமையும் மாற்றாமல்தான் வந்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் தகரக் கூரை அதிர்ந்தது.

எங்கள் ஊரில் வெடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்புகிறவன் வெளியூர்க்காரன். சரக்கைச் சோதித்துப் பார்க்கத் தினமும் வெடிப்பார்கள். ஆனால் இந்தச் சத்தம் வேறு. இதைக் காது கேட்பதற்கு முன் கால் கேட்டுவிடும். ஒன்று. பிறகு அதைவிடப் பெரிதாக இன்னொன்று. பிறகு சரம் சரமாக, நிற்காமல். கீழே அச்சகத்தில் மிஷின்களை நிறுத்தினார்கள். பக்கத்து மாடிகளில் எல்லாம் பெண்கள் ஏறிவிட்டார்கள். யாரும் யாரிடமும் என்ன என்று கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்டார்கள்.

முதலாளி மகன் போனை எடுத்து யாருக்கோ போட்டான். "அச்சங்குளமாம் சார்" என்றான்.

"ஏலே, அச்சங்குளம் ஒன் முதுகுப் பக்கம் இருக்கு. முன்னால புகை நிக்குது, அதப் பாருலே."

மறுபடியும் போட்டான். "நாரணாபுரம்னும் சொல்றாக" என்று மெதுவாகச் சொன்னான்.

புகை எழுந்துவிட்டிருந்தது. முதலில் வெள்ளையாக, பிறகு அடியில் கறுத்து. தண்ணித் தொட்டிக்குப் பின்னால் எழுந்தது.

அந்தப் பெண் அழவில்லை. தன் படப் பலகையைத் தூக்கி இரண்டு கையாலும் முன்னால் பிடித்தாள். படத்தைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள்.

"எங்கம்மா கம்பெனி இல்ல சார். புகை தொட்டிக்குப் பின்னால வருது. கம்பெனி தொட்டிக்கு வலப்பக்கம். இந்தா பாருங்க. படத்துல பாருங்க."

அவள் கை ஆடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அந்தப் படம் தப்பு என்று எல்லோருக்கும் தெரியும், ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். "சரிம்மா" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும், அவள் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு யாரோ ஒருவன் போனில் சொல்லியிருப்பான். அப்படி அவளுக்குத் தெரியவேண்டுமா?

பலகையை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். "படத்தப் பாக்காத. தொட்டியப் பாரு."

"படத்துல சரியாத்தான சார்..."

"பென்சில நீட்டு."

நீட்டினாள். ஒரு கண்ணை மூடினாள். புகையின் அடியிலிருந்து தூண் வரைக்கும், தூணிலிருந்து கூரை வரைக்கும் பென்சிலை மெதுவாக நகர்த்தினாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே, கொஞ்சங்கூட அவசரப்படாமல் செய்தாள். அவ்வளவு சரியாக அவள் அதற்கு முன் செய்ததில்லை.

"நேரா இருக்கு சார்" என்றாள்.

"நேரா இருக்கு, அம்புட்டுத்தான். நேரா இருந்தா அதேதான்னு அர்த்தமில்ல. அதுக்குப் பின்னாலயும் கம்பெனி இருக்கு. தூரம் இங்கனருந்து..."

அவள் படியில் பாதி இறங்கியிருந்தாள்.

"ஏலே, வண்டிச் சாவியக் குடு" என்றேன் முதலாளி மகனிடம். கொடுத்துவிட்டான். தெருமுனையில் அவளைப் பிடித்து வண்டியில் ஏற்றினேன். காலில் செருப்பில்லை. கல்யாணமாகாத பெண்ணை வாத்தியார் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறான் என்று நாலுபேர் பார்த்திருப்பார்கள். பார்த்துத் தொலையட்டும். வழியெல்லாம் அவள் என் சட்டையின் பின்பக்கத்தைக் கசக்கிப் பிடித்திருந்தாள். தீயணைப்பு வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. இன்னொன்றும் போனது.

நாரணாபுரம் தாண்டி ஒரு வளைவில் போலீஸ் நிறுத்திவிட்டது. அதற்குமேல் யாரையும் விடவில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம். எல்லோரும் ஒரே மாதிரி நின்றார்கள், வாயைப் பொத்திக்கொண்டு. எந்தக் கம்பெனி என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவன் இவள் அம்மாவின் கம்பெனிப் பேரையும் சொன்னான். "நீ பாத்தியாலே?" என்று அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "சொன்னாக" என்றான். "பாக்காததச் சொல்லாத" என்று விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ரோட்டில் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்துக் கம்பெனிகளை எல்லாம் காலி பண்ணி அனுப்பியிருந்தார்கள். தூக்குவாளியோடு சிலர், ஒன்றும் இல்லாமல் சிலர். மருந்து வேலை பார்க்கிறவர்கள் முகம், கை, சேலை எல்லாம் அலுமினியப் பவுடர் படிந்து வெள்ளி நிறமாக இருக்கும். அன்றைக்கு வந்தவர்களில் அப்படி நிறையப்பேர். எல்லா முகமும் ஒரே முகமாக இருந்தது. இவள் ஒவ்வொரு முகத்தையும் கிட்டப் போய்ப் பார்த்தாள். ஒருத்தியின் கையைப் பிடித்து "அம்மா" என்றாள். அந்தப் பெண் இவள் கையைத் தட்டிவிட்டு நடந்தாள். இன்னொருத்தியிடம் போனாள். அதுவும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

"ஏட்டி!"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"ஏட்டி, கூறுகெட்டவளே, செருப்பு எங்கடி? இந்த வெயில்ல..."

அவள் அம்மாதான். பக்கத்தில் வந்ததும் மகளின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அடித்த இடத்தில் வெள்ளிக் கை பதிந்தது. "யாருடி ஒனக்குச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன்" என்றாள் மகள். அப்போதுதான் அழுதாள்.

வெடித்தது அவள் அம்மாவின் கம்பெனிக்குப் பின்னால் இருந்த கம்பெனி. அங்கே செத்தவர்களின் பேர் மறுநாள் பேப்பரில் வந்தது. அதில் என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் வீட்டுப் பேர் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன். இல்லை. பேப்பரை மடித்து வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிட்டாள். பலகையில் புதுத் தாள் குத்தியிருந்தாள்.

"சார், தூரம் சொல்லிக் குடுங்க."

"நெழல் முடியல. தூரம் அதுக்கப்புறம்."

"நெழல் அப்புறம் படிக்கேன்."

"வரிசைய மாத்த மாட்டேன். ஒனக்காக மாத்துனா நாளைக்கு இன்னொருத்தன் கலர் கேப்பான்."

"அன்னைக்கு நேரா இருக்குன்னு சொன்னீக. எங்கம்மா செத்துட்டான்னு நெனச்சுக்கிட்டே வண்டியில வந்தேன். பின்னால இருக்கா முன்னால இருக்கான்னு பாக்கத் தெரிஞ்சிருந்தா நெனச்சிருப்பனா? நீங்க நெழல முடிக்கிறதுக்குள்ள இன்னொண்ணு வெடிச்சா என்ன சார் செய்ய?"

இங்கிருந்து தூரம் தெரியாது என்று அன்றைக்கு நான் சொல்ல வந்ததை அவள் நின்று கேட்கவில்லை. அதைச் சொல்லலாம்தான். சொல்லவில்லை. அவள் கேட்டதற்குப் பதில் அதுவல்ல.

அன்றைக்கு எல்லோருக்கும் தூரம் எடுத்தேன். எது எதை மறைக்கிறது என்று பார். மறைப்பது முன்னால், மறைவது பின்னால். தரையில் அதன் கால் எங்கே நிற்கிறது என்று பார். கால் மேலே ஏற ஏறத் தூரம் கூடும். எது வெளுத்துத் தெரிகிறதோ அது தள்ளி இருக்கிறது. புகைக்குக் காலில்லை. ஆனால் அதன் அடியை எந்தக் கூரை வெட்டுகிறது என்று பார்க்கலாம். கூரை முழுசாகத் தெரிந்தால் புகை அதற்குப் பின்னால். கூரையே புகைக்குள் போய்விட்டால்... அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. முடிக்காமலே எல்லோருக்கும் விளங்கியது.

முதலாளி மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "என்ன சார், கலரு வேண்டாம்னீக, சரி. இப்பப் புகை வரையப் போட்டிருக்கீக. நல்லதா ஒரு பூவு, பொண்ணு வரைய விடப்பிடாதா?" என்றார்.

"ஒங்க லேபிள்ல இருக்கிற பொண்ணு போதாதா?" என்றேன். இறங்கிப் போனார். வாடகை இல்லாத இடம். அன்றைக்கே காலி பண்ணச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்காக அவரை நல்லவர் என்று சொல்ல மாட்டேன். நான் வரைகிற லேபிள் அவருக்கு வேண்டியிருந்தது.

அந்தப் பெண் நன்றாகக் கற்றாள். மிக நன்றாக. அதுவே தொந்தரவாகிவிட்டது. வகுப்பு இல்லாத நாளிலும் மாடிக்கு வர ஆரம்பித்தாள். நான் கீழே லேபிள் வரைந்துகொண்டிருப்பேன், மேலே காலடிச் சத்தம் கேட்கும். வரைவதில்லை. விளிம்பில் நின்று பார்ப்பாள். எங்காவது குப்பை எரித்த புகை எழுந்தாலும் தடதடவென்று ஓடிவந்து, "சார், அது முன்னாலதான், இல்ல?" என்று கேட்பாள். இறங்கிப் போ என்று கத்தியிருக்கிறேன். போவாள். மறுநாள் வருவாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வகுப்பு முடிகிற நேரத்தில், அவள் அம்மா மாடிப்படி ஏறி வந்தாள். குளித்து, வேறு சேலை கட்டியிருந்தாள். கை நகங்களின் ஓரத்தில் மட்டும் வெள்ளி போகவில்லை. மகளைப் பார்க்காமல் என்னிடம் நேரே வந்தாள்.

"இவளுக்கு என்ன சார் சொல்லிக் குடுத்தீக?"

"பாக்கச் சொல்லிக் குடுத்தேன்."

"படம் வரையத்தான அனுப்புனேன்? ராத்திரி தூங்க மாட்டேங்கா. காலையில கெளம்புனா வாசல்ல குறுக்க நிக்கா. எந்த ரூமு, பக்கத்துல என்ன ரூமு, அதுக்குப் பின்னால என்னன்னு போலீசு கணக்காக் கேக்கா. கம்பெனியில உக்காந்தா முதுகுல இவ கண்ணு ஊருது. மருந்து செலுத்துற கை நடுங்கலாமா சார்? நடுங்குது. இம்புட்டு வருசம் நடுங்காத கை."

மகள் பலகையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"போர்மேன்கிட்டக் கேட்டுட்டேன்" என்றாள் அம்மா. திட்டுகிற குரலில்தான் சொன்னாள். "இனி மருந்து ரூமு இல்ல. திங்கக்கிழமையிலருந்து பாக்கெட் போடுற ஷெட்டு. சம்பளம் பாதிக்குக் கொஞ்சம் மேல. ஒங்க பீஸ கொறச்சுக்கிருங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"பீஸ் வேண்டாம்" என்றேன்.

"ஓசியிலயும் வேண்டாம். கொறச்சுக்கிருங்க."

மகள் எழுந்தாள். "எந்த ஷெட்டும்மா?" என்றாள்.

அம்மா மாடி விளிம்புக்குப் போனாள். தன் கம்பெனியை இவ்வளவு உயரத்திலிருந்து அவள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் தேடினாள். மகள் அவள் தோளைப் பிடித்துத் தொட்டித் தூண்களுக்கு நேரே திருப்பிவிட்டாள்.

"அந்தா, அந்த வெள்ளக் கூரைக்கு இங்கிட்டு" என்றாள் அம்மா.

"கேட்டுக்குப் பக்கமா?"

"கேட்டுக்கு அடுத்ததே அதான்."

"கதவு?"

"கதவு என்னடி கதவு, ஒரு பக்கம் பூரா தொறந்துதான் கெடக்கும். எதுன்னாலும் ஓடியாந்துரலாம்."

"ஓடிருவியாம்மா?"

"ஓடாம? கெழவியாடி நானு?"

மகள் விளிம்பில் சாய்ந்து, கண்ணைச் சுருக்கி, கூரைக்கு இந்தப் பக்கம் கேட்டைத் தேடினாள். எங்கள் மாடியிலிருந்து கேட் தெரியாது. அவள் தேடிக்கொண்டே இருந்தாள்.